லேசான கிரீம்

நகைக்கடை வாசலில் நின்று வருகிறவர்களைச் சிரித்து வரவேற்பது ஜெசிந்தாவின் வேலை. பகலெல்லாம் அப்பியிருக்கும் மேக்கப்பில் முகம் எண்ணெயாக வழியும். ராத்திரி எதைப் பூசிக்கொண்டு படுத்தாலும் எரியும். அன்று வேலை முடிந்ததும் பக்கத்து அழகுசாதனக் கடைக்குப் போய், பிசுபிசுக்காத நைட் கிரீம் இருக்கிறதா என்று கேட்டாள்.

கடைப்பெண் நஸ்ரின் ஒரு டப்பாவைத் திறந்தாள். "கையில தடவினா தெரியாதுக்கா. முகத்தக் காட்டுங்க."

மேக்கப்பைப் பஞ்சால் துடைத்துவிட்டு, கிரீமை விரல் நுனியில் எடுத்துக் கன்னத்தில் மெதுவாகத் தேய்த்தாள். குளிர்ந்தது. ஜெசிந்தா கண்களை மூடிக்கொண்டாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரின் முகத்தைத் தினமும் துடைத்துவிடுகிறவள் அவள். தன் முகத்தில் இன்னொரு கை பட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் இறங்கியது.

நஸ்ரின் பதறிப்போய்க் கையை எடுத்தாள். "எரியுதாக்கா?"

கொஞ்சம்கூட எரியவில்லை. தனக்கு ஏற்ற கிரீம் இதுதான் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

"லேசா எரியுதும்மா," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "வேற ஒண்ணு தடவிப் பாரேன்."