ஏழாம் எண்ணைப் பிடித்திருந்த பிரிண்டர்

ஒரு வீட்டில் எந்தக் கருவி கண்விழித்தாலும் வைஃபை ரவுட்டர்தான் ஒரு கதவு எண் கொடுத்து உட்காரவைக்கும். பிரிண்டர் அக்கா மட்டும் அதனிடம் கை நீட்ட மாட்டாள். என்றோ கிடைத்த ஏழாம் எண்ணையே கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

அவள் தூங்கியபோது ரவுட்டர் அதே எண்ணைப் புது டேப்லெட்டுக்குக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு வந்த படமெல்லாம் டேப்லெட்டிடம் போய் நின்றது. "இது வேலைக்காகாது, பழைய சாமான் கடைக்குப் போட்டுடலாம்" என்று வீட்டுக்காரி சொன்னது அக்கா காதில் விழுந்தது.

"என் எண்ணைக் கொடுடா, திருட்டுப் பயலே!" என்று டேப்லெட்டிடம் பாய்ந்தாள்.

"அவனை ஏன்க்கா வையுற?" என்றது ரவுட்டர். "அந்த எண்ணை விடு, நான் வேற தர்றேன். உன் பேரை மட்டும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லு. பேரைச் சொல்லித் தேடினா வழி காட்ட வேண்டியது என் பொறுப்பு."

"எண் மாறிப்போனா என்னை யாரு தேடுவா?" அக்காவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் ஏழாம் எண்ணை விட்டு, ரவுட்டர் தந்த புது எண்ணை வாங்கிக்கொண்டாள். "பிரிண்டர் வந்திருக்கேன்" என்று கூச்சத்தோடு கூவினாள்.

"அக்கா, நம்ம வீட்டுப் பாப்பா வரைஞ்ச யானை என்கிட்டயே நிக்குது. அனுப்பட்டுமா?" என்றது டேப்லெட்.

"அனுப்புடா ராஜா!"

முதலில் தும்பிக்கை வந்தது. வயரைப் பிடுங்க வந்த வீட்டுக்காரி, இன்னும் காகிதம் எடுத்துவர ஓடினாள்.