சந்துக்குள் போன வண்டி

சந்துக்கு அந்த ரிமோட் வண்டி இன்னும் அகலமாகத்தான் இருந்தது.

அவள் நான்கு சக்கரங்களையும் பிடுங்கினாள். டப்பாவைக் கிளறி ஒல்லியான சக்கரங்களை எடுத்து அச்சில் அழுத்தினாள். பக்கத்து ஏணி, டிரைவர் கூண்டு, புகைக்குழாய் எல்லாவற்றையும் கழற்றி வாசற்படியில் போட்டாள்.

மிஞ்சியது சக்கரங்கள், மோட்டார்கள், பேட்டரிப் பெட்டி, முன்னால் மண் அள்ளுகிற பக்கெட்.

கூண்டு இருந்த இடத்தில் சாவிக்கொத்து டார்ச்சை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

இரண்டு வீடுகளுக்கும் நடுவே சந்து ஒன்றரைச் சாண். பாகம் பிரித்தபோது பொதுச்சுவர் கூடாதென்று அண்ணனும், தம்பியான அவள் புருஷனும் ஆளுக்கொரு சுவர் எழுப்பினார்கள். நடுவில் விட்ட இடம் ஒருவருக்கும் உதவவில்லை. இரண்டு மாடித் தண்ணீரும் அதில்தான் கொட்டும்.

அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

போன வருஷம் அண்ணன் இறந்துபோனார். தம்பி வீட்டார் துக்கத்துக்குப் போனார்கள். தெருவிலேயே நின்றார்கள். தெருவிலிருந்தே திரும்பினார்கள். சண்டை போட்டவர்களில் ஒருவர் போய்விட்டார். சண்டை மட்டும் இருந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்த வீட்டு மாடி ஜன்னலில் மூத்த ஓரகத்தியான சிந்தாமணியைப் பார்த்தாள். ஒட்டடைக் கம்பைச் சந்துக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் சிந்தாமணி. கம்பு பாதி ஆழம்கூட இறங்கவில்லை. தோளில் ஈரத்துண்டு. தலையைத் துவட்டியிருக்கிறாள். காதில் எப்போதும் இருக்கும் மெஷினைக் காணோம்.

என்ன விழுந்ததென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சந்துக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. காது மெஷின் எதன் அடியிலாவது சிக்கிக்கொண்டால் அப்படித்தான் கத்தும். சிந்தாமணிக்கு அது கேட்காது. இவளுக்குச் சமையலறை வரைக்கும் கேட்டது.

தெருப்பக்கமிருந்தும் கொல்லைப்பக்கமிருந்தும் கம்பு எட்டாத நடுவில் கிடந்தது மெஷின்.

“அங்கதான்க்கா கெடக்கு” என்று சொல்லலாம். சொன்னாலும் காதில் விழாது.

தனியாக இருக்கிறவள். மெஷின் இல்லாவிட்டால் கேஸ்காரர் எத்தனை தட்டினாலும் கதவு திறக்காது. மழை வந்தால் நனைந்து மெஷினே போயிற்று.

விசிலைக் கேட்டுக்கொண்டே அரிசி களைய முடியவில்லை. பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டாள்.

வண்டி அவளுடையதுதான். தனக்கென்றுதான் வாங்கினாள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. அவளுக்கு ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு துண்டாகக் கோத்து முடிக்கும்வரை புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கடியில் விழுந்த அவருடைய மூக்குக் கண்ணாடியை அது அள்ளிக்கொண்டு வந்த அன்றைக்குச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சந்தின் வாயில் குப்புறப் படுத்தாள். தெருவில் போன கீரைக்காரர் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

ரிமோட்டின் லீவரைத் தள்ளினாள்.

வண்டி உள்ளே போனது. ஒரு சுவரை உரசியது. இன்னொரு சுவரை உரசியது. பாதி வழியில், குழாய்க்காகப் போட்ட சிமெண்ட் மேட்டில் மூக்கைத் தூக்கி ஏறி, அந்தப் பக்கம் தொப்பென்று இறங்கியது.

அதற்கப்புறம் டார்ச் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. வளையல் இல்லாத கை.

உள்ளங்கை விரிந்தது. நிறுத்தினாள்.

விரல்கள் இவள் வீட்டுச் சுவர்ப் பக்கம் அசைந்தன. வண்டியை அந்தப் பக்கம் ஒடித்தாள். விரல்கள் மறுபடி அசைந்தன. இன்னும் கொஞ்சம்.

பக்கெட்டைத் தாழ்த்தி முன்னே தள்ளினாள். சருகு நொறுங்கியது. விசில் நின்றது. மறுபடி கேட்டது.

கை மேலே எழும்பியது.

தூக்கினாள்.

கை உள்ளே போய் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது.

லீவரைப் பின்னுக்கு இழுத்தாள். வண்டி மேட்டில் முட்டி நின்றது. பின்சக்கரம் ஏறவில்லை. மறுபடி இழுத்தாள். உள்ளே பல்சக்கரம் டக் டக்கென்று நழுவியது. இன்னொரு தடவை இழுத்தால் குலுக்கலில் பக்கெட் கொட்டிவிடும்.

புறங்கையில் ஒரு துளி விழுந்தது.

வண்டி திரும்ப இடமில்லை. முன்னால்தான் போகலாம். முன்னால் போனால் சந்து முடிவது சிந்தாமணி வீட்டுக் கொல்லையில்.

மேலே பார்த்தாள். ஜன்னலில் யாரும் இல்லை.

கொஞ்சம் யோசித்தாள். முன்னே தள்ளினாள்.

வெளிச்சம் ஆடி ஆடிச் சிறுத்தது. கடைசியில் காணாமல் போனது. மோட்டார் மட்டும் சுமையில்லாமல் விர்ரென்று சுற்றுவது கேட்டது. வண்டியைத் தரையிலிருந்து தூக்கியாயிற்று.

லீவரை விட்டாள்.

விசில் நின்றது. இந்தத் தடவை மறுபடி வரவில்லை.

தூறல் பிடித்துக்கொண்டது. முழங்கையெல்லாம் மண். எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்தாள்.

சந்து வழியாகக் குரல் வந்தது.

“தையலு... வண்டிய வந்து எடுத்துட்டுப் போ.”

அந்த வீட்டிலிருந்து அவள் பெயர் வந்து எத்தனையோ காலமாயிற்று. அப்படிக் கூப்பிடுகிறவள் சிந்தாமணி ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் அவள் தையல்நாயகி.

“வர்றேன்க்கா” என்றாள். பாதிக் குரல்தான் வந்தது. கேட்டிருக்காது என்று நினைத்து, மறுபடி சொல்ல வாயெடுத்தாள்.

“கொல்லக் கதவு தெறந்துதான் கெடக்கு. நனையாம வா.”