‘ஐ பெக் டு’ இல்லாத ராஜினாமா

"இது செல்லாதுங்க சார்."

ஆத்மநாதன் வாத்தியார் கொடுத்த ராஜினாமாக் கடிதத்தைப் பள்ளிக்கூடக் குமாஸ்தா சோலையப்பன் அவர் பக்கமே தள்ளி வைத்தான்.

"ஏன்?"

"'ஐ பெக் டு'ன்னு எழுதலையே. அது இல்லாம மேல அனுப்ப முடியாதுங்க."

வாத்தியாருக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது வருஷமாகத் திருக்கோகர்ணத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர் அவர். இவனோ தேர்டு பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன்!

"வேலை கேக்குறவன் கெஞ்சலாம். வேணாங்கிறவன் எதுக்குய்யா கெஞ்சணும்?"

"ரூல் அப்படிங்க."

அன்று காலை வாத்தியார் பிந்தி வந்ததற்காக, "சம்பளம் சும்மாவா வருது?" என்று பிள்ளைகள் முன்னாலேயே ஹெட்மாஸ்டர் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் அங்கே தண்ணீர் குடிக்கவும் வாத்தியாருக்கு மனசில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, தை பிறந்தால் மகள் செங்கமலத்துக்குக் கல்யாணம் என்பதுகூட அவர் நினைவில் இல்லை.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஐ பெக் டு' போட்டே எழுதி வந்தார்.

சோலையப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "ஆரம்பத்துல இருக்கு. முடிவுலயும் ஒண்ணு வேணுங்க சார்."

"அம்மன்காசு பெறாத இங்கிலீசை வச்சுக்கிட்டு எனக்கே பாடம் நடத்துறியா?"

அவன் கடிதத்தை மடித்து, பணிவாகத் திருப்பிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் ஹெட்மாஸ்டரே வீடு தேடி வந்தார். "பிள்ளைங்க முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் போன பிறகு செங்கமலம் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாத்தியாருக்குத் தை மாதக் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அந்தக் கடிதம் மட்டும் மேலே போயிருந்தால்?

விடிந்ததும் முதல் வேலையாகச் சோலையப்பனிடம் போய் நின்றார்.

"உண்மையைச் சொல்லு. அப்படி ஒரு ரூல் இருக்கா?"

அவன் தலையைச் சொறிந்தான். "இல்லைங்க சார். உங்க மொதக் கடுதாசியே சரிதான்."

"பின்னே எதுக்குய்யா அத்தனை ஏச்சையும் வாங்கிக்கிட்டே?"

"எங்கப்பாவும் வாத்தியாருதாங்க. இதே மாதிரி ஒரு நாள் கோவத்துல எழுதிக் கொடுத்தாரு. வாங்குன குமாஸ்தா அதுல ஒரு தப்பும் கண்டுபிடிக்கலை சார். அதோட நின்னதுதான் என் படிப்பு."