செவந்தியின் முதல் படகுச் சவாரி

"செவந்தி, அங்க பாரு! வெள்ளையா கோபுரம் கோபுரமா தெரியுதே, அதான் ரயில் ஸ்டேஷன்" என்றார் இருளப்பன்.

ஐந்து வயது செவந்தி அப்பாவின் மடியில் உட்கார்ந்து கைதட்டினாள். அவள் படகில் ஏறுவது இதுவே முதல் தடவை.

"நீங்க வேலை செய்ற எடமாப்பா?"

"ஆமா. அதுக்கும் அந்தாண்ட பாரு, பெரிய மணிக்கூண்டு. கோலாலம்பூருக்கே மணி சொல்றது அதுதான்."

"அம்மா, நீயும் பாரேன்!"

அஞ்சலை திரும்பவில்லை. படகில் ஏறியதிலிருந்து அவள் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தலை சுத்துதாம். நீ பாரு" என்றார் இருளப்பன்.

"நாளைக்கும் வரலாமாப்பா?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் ஏதோ முறிந்து சரியும் சத்தம் கேட்டது. மலாய்க்காரப் படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்தார்.

மூன்று நாள் மழையில் கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸ் தெருக்களுக்குள் புகுந்திருந்தது. சற்றுமுன்தான் அவர்கள் மூவரும் தங்கள் வீட்டுக் கூரையிலிருந்து இந்தப் படகில் இறங்கினார்கள். அந்தக் கூரை இப்போது வெள்ளத்தோடு போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா சத்தம்?" என்று செவந்தி திரும்ப முயன்றாள். இருளப்பன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகளின் கன்னத்தைப் பிடித்து மெல்ல முன்பக்கம் திருப்பினாள்.

"அது ஒண்ணுமில்ல கண்ணு. அந்த மேட்டைப் பாரு, நம்மள கைப்பிடிச்சு ஏத்த எத்தனை பேரு நிக்கிறாங்க!" என்றாள்.