வலையைத் தாண்டியவள்

முட்டம் கடற்கரையில் பத்து மணி வெயில். மணலில் விரித்த வலையின் ஓரத்தில் குத்தவைத்து ததேயுஸ் கிழிசலை முடிந்துகொண்டிருக்கிறார். எதிரே மருமகள் அஜிஷா நிற்கிறாள். இடுப்பில் இரண்டு வயது மகள், கையில் அவள் தலையை நாகர்கோவிலில் எடுத்த ஸ்கேன் படம். அதை வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். கறுப்புப் படத்தில் பிள்ளையின் மூளை இரண்டு பாதியாகத் தெரிகிறது. அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. “வயித்துப்பிள்ளக்காரி வலையத் தாண்டப்பிடாதுன்னு அன்னைக்கே சொன்னேன், நீ கேக்கல்ல. இப்ப பிள்ளைக்க நரம்பு சிக்கிக் கெடக்கு.”

அஜிஷா படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். “ஒண்ணும் சிக்கல்ல மாமா. வயித்துக்குள்ள நரம்பு ஒவ்வொண்ணும் நுனியால தடவித் தடவி வழி கண்டுபிடிச்சு வளருமாம். இந்தப் பாதியில இருந்து அந்தப் பாதிக்குப் போவணும். இவளுக்கு நடுவுல வந்ததும் திரும்பீட்டு. ஏன்னு டாக்டருக்கே தெரியல்ல. ஒமக்குத் தெரிஞ்சிட்டு, என்னா?” அவர் ஊசியை அடுத்த கண்ணிக்குள் ஓட்டுகிறார். பிள்ளை தாயின் சங்கிலிக்குக் கை நீட்டுகிறது. விரல்கள் காற்றைத் தடவி, தவறி, மறுபடி தேடி, ஒருவழியாகப் பிடித்துக்கொள்கின்றன. வலையைச் சுற்றிப் போக ஒரு தடம் இருக்கிறது. இந்த ஊர்ப் பெண்கள் நடந்து நடந்தே மணல் இறுகிய தடம். அஜிஷா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. படத்தைக் கக்கத்தில் இடுக்கி, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, பிள்ளையோடு வலையைத் தாண்டுகிறாள். வலையின் மறுபுறம் நின்று மாமனாரைப் பார்க்கிறாள். போதவில்லை. திரும்பவும் தாண்டி இந்தப் பக்கம் வருகிறாள்.