கடைசியில் சொன்ன தலைப்பு

நடுவில் நிற்பவளுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கண்ணாடிச் சுவருக்கு எதிரே, மரத்தரையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர். பருவத்தின் கடைசி நடன வகுப்பு.

நடுவில் கொக்கு நின்றாள். வகுப்பிலேயே உயரமானவள், அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள். குதிகால்கள் ஒட்டி, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி, இல்லாத பயிற்சிக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி முழங்காலை மடக்கி இறங்கி எழுந்தாள். மற்ற பத்துப் பேரும் பின்னால் நின்று அதையே செய்துகொண்டு, ஒவ்வொருவராக நழுவிப் போக வேண்டும்.

நடனம் அவர்களே அமைத்தது. முதலில் பாலேயின் அரிச்சுவடி, பிறகு சொந்தமாக ஒரு நடனம். அதுதான் என் பாடத்திட்டம். ஒரே ஒரு நிபந்தனை, தலைப்பை முன்கூட்டிச் சொல்லக்கூடாது. ஆடி முடித்ததும் நான் ஊகிப்பேன், அதற்குப் பிறகுதான் அவர்கள் வாயைத் திறக்கலாம். தலைப்பைக் கேட்டுவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும்.

முதல் முறை, ஒருத்தி நழுவியதுமே கொக்கு திரும்பிப் பார்த்து முகத்தைத் தொங்கப்போட்டாள். நான் நிறுத்தினேன்.

"அவளுக்கு இப்பவே தெரிஞ்சுட்டா அப்புறம் கதை எங்க இருக்கு? நீ பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இரு. கடைசி ஆளும் போகட்டும், அப்புறம் திரும்பு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் யோசனையைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறு வருடமாக இங்கே தற்காலிக ஆசிரியை. இந்த முறை நிரந்தரமாக்கிவிடலாம் என்று தலைமையாசிரியை போன மாதம் வாய்விட்டே சொல்லியிருந்தார். வகுப்பு முடிந்ததும் அறைக்கு வரச் சொல்லியிருந்தார். அதற்கென்று இஸ்திரி போட்ட சட்டை ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கியது.

இரண்டாம் முறை, போகிறவர்களின் பாதங்களைத் திருத்தினேன். விரல் முதலில், குதிகால் கடைசியில், சத்தமே வரக்கூடாது. பூனை கூட உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக நழுவ வேண்டியவள் பட்டாணி. இருப்பதிலேயே சின்னவள். பாதி வழியில் அழுதுவிட்டாள். முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். அப்படியானால் அந்த அழுகையை அப்படியே வைத்துக்கொள், நன்றாக இருக்கிறது என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த நேரத்தில்தான், மூலையில் நடனத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த பியானோவில் ஒரு கட்டை பிசகியது. பியானோக்காரி இந்தப் பள்ளிக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் பிசகி நான் கேட்டதில்லை. "சாரி மேடம்" என்றாள், தலை நிமிராமல்.

மூன்றாம் முறை அப்பழுக்கில்லாமல் வந்தது. கொக்கு எண்ணி முடித்துத் திரும்பினாள். பின்னால் வெறும் தரை. இல்லாத கம்பியிலிருந்து கையை மெதுவாக எடுத்தாள். கைதட்டினேன்.

"கடைசி பஸ்ஸை விட்டவள்?" என்று ஊகித்தேன். இல்லை. "கண்ணாமூச்சி?" அதுவும் இல்லை. தோற்றுவிட்டேன், சொல்லுங்கள் என்றேன்.

"டீச்சரோட கடைசி கிளாஸ்" என்றாள் கொக்கு.

எந்த டீச்சர் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். என் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

பட்டாணி ஓடிப்போய்ப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தாள். பெற்றோருக்குப் பள்ளி அனுப்பிய கடிதம். அடுத்த பருவத்திலிருந்து நடன வகுப்பு கிடையாது. அந்த நேரத்தில் பியானோ வகுப்பு. இப்போது நடனத்துக்கு வாசித்துவரும் ஆசிரியையே அதை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். கடிதத்தில் இருந்த தேதிக்கு இரண்டு வாரம் வயதாகியிருந்தது.

"உங்களுக்குத் தெரியும்னு பியானோ டீச்சர்தான் சொன்னாங்க. அதைப் பத்திப் பேசுனா நீங்க அழுவீங்கன்னு சொன்னாங்க" என்றாள் பட்டாணி.

ஆக, இரண்டு வாரமாகப் பதினோரு குழந்தைகள் என்மேல் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்கு எதிரே நின்று, என்னை விட்டுப் போவது எப்படி என்று பாதம் பாதமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கோபத்துக்கு முன்னால் அவமானம்தான் வந்தது.

பியானோ பக்கம் திரும்பினேன். அவள் மூடியைச் சாத்திவிட்டு அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"நிரந்தரமா ஒரு இடம்தான்னு சொன்னாங்க, அக்கா."

பதினோரு தலைகளும் அவளைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன. ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் வேலை தரமாட்டார்கள் என்பதால், அவளை இங்கே சேர்த்துவிட்டபோது அந்த வார்த்தையை வாசலோடு விட்டுவிட்டு வரச் சொன்னவள் நான்.

இந்தப் பதினான்கு நாளும், காலையில் எனக்குக் கொண்டை போட்டு, முடி கலையாமல் ஒவ்வோர் ஊசியாகச் செருகிவிட்டவள் என் தங்கைதான்.