அடித்துவிட்ட கேள்வி

"சம்பளத்த முழுசா வாங்கறீங்கல்ல? பாடத்தையும் முழுசா நடத்துங்க. பாதிய முழுங்காதீங்க."

ஆசிரியர்கள் அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியவர் லேத் பட்டறைக்காரர். நாள் பூரா மெஷினோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்குத் தணிந்த குரல் எங்கே வரும்? எதிரே உயிரியல் டீச்சர். வெளியே வராந்தா பெஞ்சில் பட்டறைக்காரரின் மகள், பத்தாம் வகுப்பு.

"சார், கொஞ்சம் மெதுவா. பாப்பா காதுல விழுது."

"விழட்டுமே. எனக்கென்ன பயம்? வீட்டுப்பாடத்துல ஏழாவது கேள்விய மொத்த கிளாஸுக்கும் கோடு போட்டு அடிச்சுட்டீங்களாமே? ஏன், விடை உங்களுக்கே தெரியலயா?"

கணக்கு வாத்தியார் நோட்டுக் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். டீச்சர் வராந்தாப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு பண்ணினவர்கள் வேறென்ன செய்வார்கள்?

"எங்க குடும்பத்துல பத்தாவது தாண்டின ஆளே கிடையாது. இவ டாக்டராகணும்னு நான் ராப்பகலா உழைக்கறேன். நீங்க என்னடான்னா நோகாம கேள்விய அடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க. பரீட்சைல அதே கேள்வி வந்தா?"

"அந்த மாதிரி பரீட்சைல கேக்க மாட்டாங்க சார்."

"அத நீங்க சொல்ல வேணாம். இன்னிக்கு சாயந்திரம் நானே பக்கத்துல உக்காந்து அவளை எழுத வைக்கறேன். நாளைக்கு ஹெட்மாஸ்டர் மேஜைல கொண்டுவந்து போடறேன். அப்ப தெரியும் உங்க லட்சணம்."

டீச்சர் விருட்டென்று எழுந்தார். அவ்வளவு நேரம் அடக்கிவைத்த கோபம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"லேபுக்கு வாங்க சார். பேசணும்."

பக்கத்து அறையில் யாரும் இல்லை. டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, கேள்வித்தாளை அவர் கையில் திணித்தார்.

"ஏழாவது கேள்வியப் படிங்க."

'உன் ரத்த வகையையும், உன் அம்மா அப்பாவின் ரத்த வகையையும் கேட்டு எழுது. உன்னுடைய வகை உனக்கு எப்படி வந்தது? விளக்குக.'

"இதானா? இதுக்கா இத்தனை பம்மாத்து? நானும் என் சம்சாரமும் ஓ குரூப். பாப்பா பி. எழுத ஒரு நிமிஷம் ஆகுமா?"

"எழுதச் சொல்லாதீங்க சார். பாப்பாவ நீங்க தத்தெடுத்தது அவளுக்குத் தெரியாது, சமயம் பாத்து நாங்களே சொல்லிக்கறோம்னு உங்க வீட்டம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு சொல்லியிருக்காங்க."

பட்டறைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? பாடம் நடத்தத் துப்பில்ல, அத மறைக்க எங்க வீட்டு விஷயத்த இழுக்கறீங்களா?"

"அம்மா அப்பா ரெண்டு பேரும் ஓ-ன்னா பிள்ளைக்கு பி வராது சார். பாடத்த நான் ஒழுங்காத்தான் நடத்தியிருக்கேன். உங்க பொண்ணுக்கு அது நல்லாவே தெரியும்."